புத்தகத்தில் ஏறாத மூன்று மெடல்கள்

என் வாய்த்துடுக்கையெல்லாம் பொறுத்துக்கொண்டு போன மகராசனே, என் அப்பாவே,

வந்துவிட்டதப்பா. நேற்று மத்தியானம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. நான் கம்பெனி விட்டு வந்தபோது அம்மா அதைப் பிரிக்காமல் உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். "நீதான அலைஞ்ச, நீயே பிரி" என்றாள். பிரித்தேன். திருத்தி எழுதிய சர்வீஸ் தாளில் உன் பெயர், உன் நம்பர், அதற்குக் கீழே மூன்று மெடல்கள். சண்டையில் இருந்ததற்கு ஒன்று, பனிமலைக் காவலுக்கு ஒன்று, நீண்ட சேவைக்கு ஒன்று. நீ சொன்ன அதே மூன்று.

அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் உன்னை நான் நாலு பேர் அறியத்தான் அவமானப்படுத்தினேன். அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று மரியாதையாகத் தொடங்கிப் பார்த்தேன். யாரோ வேற்று மனிதருக்கு எழுதுவதுபோல இருந்தது. செய்ததையும் செய்துவிட்டு இப்போது என்ன மரியாதை? நீ, வா, போ என்றே இருக்கட்டும்.

உன் பேத்தி ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், சுதந்திர தினத்துக்கு அவள் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். நீ முந்தின நாளே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டாய். சட்டைப் பைக்கு மேலே மூன்று கலர் ரிப்பன் பட்டையும் குத்தியாகிவிட்டது. பெரிய டீச்சர் உன்னைப் பற்றி நாலு வரி வாசிக்க வேண்டுமென்று உன் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்கை ஜெராக்ஸ் கேட்டிருந்தார். நான் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். மெடல் எழுதும் இடத்தில் ஒரு நீளக் கோடு. அவ்வளவுதான்.

"புக்குல ஒண்ணுமே இல்லியேப்பா?"

"புக்குல ஏறலம்மா. ஆனா இருக்குது."

"அப்ப இந்தப் பட்டை?"

"அது கடையில வாங்குனது. எல்லாரும் அப்படித்தான் வாங்கிக் குத்திக்குவாங்க."

"அவங்களுக்கெல்லாம் புக்குல இருக்குதுல்ல?"

நீ சட்டையின் மடிப்பை நீவிவிட்டாய். பிறகு, "அந்த நேரத்துல உங்க தாத்தா தவறிட்டாரு. அதுல விட்டுப்போச்சு" என்றாய்.

அதற்கு நான் சொன்னதை இப்போது எழுதக் கை கூசுகிறது. "எது கேட்டாலும் ஒரு சாவுக் கதை சொல்லு. நாளைக்கு எவனாவது கேட்டா ஊரே சிரிக்கும். எம் புள்ளை அங்க படிக்குதுப்பா" என்றேன். சொன்னதோடு விட்டேனா? சட்டையிலிருந்து அந்தப் பட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன். நீ "குத்தப் போவுது, பாத்து" என்று மட்டும் சொன்னாய். ஊசி என் விரலில் குத்திவிடுமாம். அன்றைக்கு என்னை ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?

டீச்சரிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ கொடியேற்றினார்கள். நீ அதே வெள்ளைச் சட்டையோடு நம் கம்பெனி கேட்டுக்கு வாட்ச்மேன் டியூட்டிக்குப் போய்விட்டாய்.

என் வேலை உனக்குத் தெரியும். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை ஒன்றோடு ஒன்று தட்டி, சத்தம் கேட்டு, விரிசல் விட்டது எது, நல்லது எது என்று பிரிக்க வேண்டும். சத்தம் எவ்வளவு கணீரென்று இருந்தாலும் கம்பெனி முத்திரை விழாத பீஸ் என்றால் கழிவுக் கூடைக்குத்தான் போகும். பதினெட்டு வருஷமாக அதைச் செய்த கை. உன் புத்தகத்தில் முத்திரை இல்லை என்றதும் அதே கை உன்னையும் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டது. நான் தட்டிக்கூடப் பார்க்கவில்லையப்பா.

கூடையில் போட்டதை மூடியாவது வைத்தேனா? தரம் பிரிக்கும் கூடத்தில் கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிச் சிரித்தேன். "எங்கப்பா மெடல் மெடல்னு கதை உடுவாரு, அத்தனையும் கடைச் சரக்கு" என்றேன். அது ஷெட்டு ஷெட்டாகப் பரவி கேட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம்? அதுவரை உன்னை "மிலிட்டரி ஐயா" என்று கூப்பிட்டவர்கள், "இன்னா மிலிட்டரி, மெடல் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். நீ "வரும் வரும்" என்று சிரித்துக்கொண்டே பதிவு நோட்டை நீட்டுவாய். யார் வாயிலிருந்து அது கிளம்பியது என்று உனக்குத் தெரியும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாயா?

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது அம்மா அந்த வெள்ளைச் சட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தாள். பைக்கு மேலே இரண்டு ஊசி ஓட்டைகள், ஒன்று கிழிந்து நீளமாக இருந்தது. விழுந்த மாலைகள் அதை மறைத்தன. நான் மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கருமாதிக்குத் திட்டக்குடியிலிருந்து உன்னோடு பட்டாளத்தில் இருந்த தங்கராசு மாமா வந்தார். உன் படத்தைப் பார்த்துவிட்டு, "மெடலைப் பக்கத்துல வைக்கலியாம்மா?" என்று கேட்டார். "அப்பாவுக்கு மெடல் கெடையாதுங்களே மாமா" என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சொன்னது?"

"புக்குல இல்லைங்க."

"புக்குல எப்பிடி இருக்கும்? நாங்க ரெண்டு பேரும் ஒரே பனியில, ஒரே கூடாரத்துல கெடந்தோம். உங்க தாத்தா செத்த தந்தி வந்துச்சு, இவன் கெளம்பிட்டான். இவன் போனப்புறந்தான் மெடல் லிஸ்டு வாசிச்சாங்க. மூத்த மவன், கருமாதி முடிக்காம எப்பிடிம்மா திரும்புவான்? லீவுக்கு மேல இருந்துட்டான். வந்ததும் தண்டனை, வேற யூனிட்டுக்கு மாத்தல். அதுல மெடல் எழுதாம விட்டுப்போச்சு. கேட்டு எழுதி வாங்குடான்னு நானே சொன்னேன். கேட்டா அந்த லீவு தப்பையும் கெளறுவாங்கடான்னு உட்டுட்டான்."

உன் கருமாதி இலையின் முன்னால் உட்கார்ந்து உன் அப்பாவின் கருமாதியைப் பற்றிக் கேட்டேன். நீ உன் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ததற்காக இழந்ததை, உன் மகள் திருட்டுச் சாமான்போலப் பிடுங்கினாள்.

மறுவாரமே மாமா மஞ்சள் பையில் ஒரு பழைய தாளைக் கொண்டுவந்தார். அன்றைக்கு வாசித்த லிஸ்டின் நகல். அவர் நம்பருக்கு அடுத்த வரியில் உன் நம்பர். வெறும் இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் நீ சொன்னதற்குச் சாட்சி இருந்திருக்கிறது. நான் திட்டக்குடி பஸ்ஸைத் தினம் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். நீயாவது மாமாவைக் கூப்பிட்டு என் எதிரே நிறுத்தியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

அம்மா பெயரில் மனுப் போட்டோம். கடலூரில் முன்னாள் படைவீரர் ஆபீசுக்கு எத்தனை நடை என்று கணக்கு வைக்கவில்லை. மனுவில் ஒரு கட்டம் இருந்தது: இத்தனை வருஷத் தாமதத்துக்குக் காரணம் என்ன? பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த கிளார்க்கம்மா எட்டிப் பார்த்து, "அறியாமைன்னு போடுங்கம்மா. எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார். நானும் அதையே எழுதிவிட்டேன். அது பொய்யப்பா. உனக்கும் எனக்கும் தெரியும்.

இன்று காலையில் அந்தத் தாளைக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். எல்லோரும் குனிந்து பீஸைத் தட்ட ஆரம்பித்தார்கள். சூளையில் சரக்கு ஏற்றும் பழனி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தான். "நான்தாங்க்கா டெய்லி கேப்பேன், மெடல் வந்துச்சான்னு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை என்ன சொல்ல? கற்றுக்கொடுத்தவள் நான்.

பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தேன். பெரிய டீச்சர் ரிட்டயராகிவிட்டார். புதிதாக வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வரும் சுதந்திர தினத்தில் ஐந்து நிமிஷம் பேச விடுகிறேன் என்றிருக்கிறார். உன் மெடல்கள் அதற்குள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மைக் முன்னால் நிற்பேன். மூன்று மெடலையும் நீ சொன்ன வரிசையிலேயே சொல்வேன். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லை என்பதையும் சொல்வேன். இது சத்தியம்.

மனுவில் அந்தக் கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டேன். இங்கே சரியாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

தாமதத்துக்குக் காரணம்,
உன் மகள் செல்வி.