ஒரு வருடமும் ஒரு நாளும்

மவுண்ட் ஆல்பர்ட்,
ஒக்லாந்து.
18.10.1987

என் அன்பு மகன் மகேசனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே அப்பாவும் நானும் தங்கச்சி உஷாவும் ஆண்டவன் புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனையைத் தொடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜேர்மன் அரசாங்கம் உன்னை அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி ஒருவரும் திருப்பி அனுப்ப ஏலாது என்ற வரியை வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துக் கருகி வீடு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு மங்கம்மா, அதுதான் ஃபிஜியில் இருந்து வந்தவர் என்று முன்னம் எழுதினேனே, அவர் ஓடி வந்து என்னக்கா வீடு பத்திக்கிச்சா என்று கத்த, நான் அவரைக் கட்டிப்பிடித்து அழ, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் சேர்ந்து அழுதார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துவிட்டு, முதல்ல அந்த அடுப்ப நிறுத்துக்கா என்றார். சட்டியைத் தேய்த்தும் கருகல் போகவில்லை, போனால் போகட்டும்.

நீ கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிற கேள்வி என் நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பக்கம் அப்பா அலைந்து திரிந்து எடுத்த நியூசிலாந்து விசா உனக்குச் சரிவந்திருக்கிறது, இந்த வருடத்துக்குள் வந்து இறங்க வேண்டுமாம், விட்டால் பிறகு கிடைக்குமோ தெரியாது. மற்றப் பக்கம் நீ இப்போது உதவிக்கு நிற்கிற பேக்கரிக்காரர் உன்னைத் தொழில் பழக எடுக்கிறேன் என்கிறார். நான் இங்கேயே நிற்கட்டோ, அங்கே வரட்டோ, அம்மா சொன்னால் வருவன் என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு பெரிய பாரத்தை ஒரு வரியில் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய், கெட்டிக்காரன். அதற்கு வருகிறேன், அதற்கு முன் நன்றி சொல்ல வேண்டிய ஆட்களுக்குச் சொல்லி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு வராது.

மாசி மாதம் இங்கே பள்ளிக்கூடத்தில் பெரிய ஆட்களுக்குப் பின்னேர வகுப்புகள் தொடங்கியபோது நான் தையலுக்குத்தான் பெயர் கொடுக்கப் போனேன். தையல் நிரம்பிவிட்டது, கேக் அலங்காரமும் நிரம்பிவிட்டது, மிச்சம் கிடந்தது ஐரோப்பாவில் நாடுகள் எப்படி உண்டாயின என்ற சரித்திர வகுப்பு ஒன்றுதான். அப்பா சிரித்தார், இந்த வயதிலை உமக்கேனப்பா வெள்ளைக்காரன்ரை சரித்திரம், அவன் எங்களுக்குச் செய்தது காணாதோ என்றார். என்ரை பிள்ளை அந்தச் சனத்துக்கு நடுவிலை கிடக்கிறான், அதுகள் ஆர் எவர் எண்டு எனக்குத் தெரிய வேணும் என்று சொல்லிவிட்டுப் போனேன். பெண் கொடுக்க முன்னம் ஏழு தலைமுறையை விசாரிக்கிற ஆட்கள் நாங்கள், பிள்ளையைக் கொடுத்த ஊரை விசாரிக்காமல் விடலாமா?

போய் இருந்து கேட்டால் வியப்பாக இருக்கிறது மகன். அந்த நாளில் ஜேர்மனி என்று இன்றைக்கு இருக்கிற மாதிரி ஒரு நாடே இல்லையாம். ஒரு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரபு, அந்தப் பக்கம் ஒரு பிஷப், நடுவில் மதில் கட்டின ஒரு பட்டணம், எல்லோருக்கும் மேலே பெயருக்கு ஒரு பேரரசன், அவன் சொல்லை ஆர் கேட்டது. இங்கிலாந்தில் ராசா பிரெஞ்சு கதைத்தாராம், சனம் வேறொன்று கதைத்ததாம், இரண்டும் ஒரு பாஷைக்கு வர முந்நூறு வருடம் போனதாம். உஷா நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், அவளுக்கு அவ்வளவு தவணை கொடுக்க என்னால் ஏலாது. ராசாமார் வரி வேண்டவும் வழக்குத் தீர்க்கவும் சண்டைக்கு ஆள் சேர்க்கவும் வெளிக்கிட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நாடு என்ற ஒன்று திரண்டதாம். கீழே கிடந்து வயல் உழுத கமக்காரன் நிலத்தோடு கட்டுப்பட்டவன், பிரபுவைக் கேட்காமல் ஊரை விட்டுப் போகவும் முடியாது, மகளைக் கட்டிக்கொடுக்கவும் முடியாது. அடிமை குடிமை என்று எங்கள் ஊரிலும் வைத்திருந்தவர்கள் தானே நாங்கள், ரீச்சர் அதைச் சொல்லச் சொல்ல முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ரீச்சர் அந்தக் கதையைச் சொன்னார். அப்படிக் கட்டுப்பட்டுக் கிடந்த ஒருவன் ஓடிப்போய் மதில் கட்டின பட்டணத்துக்குள் நுழைந்து, ஒரு வருடமும் ஒரு நாளும் ஒருவரும் பிடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே இருந்துவிட்டால், அவன் சுதந்திர மனிதன், பிரபு வந்து வாசலில் நின்று கத்தினாலும் பட்டணம் அவனைக் கொடுக்காது. ஜேர்மனியில் இது பல பட்டணங்களில் சட்டமாம். நீ அனுப்பின தபால் அட்டைப் படத்தில் உன் ஊருக்கும் அப்படி ஒரு மதிலும் கோபுர வாசலும் இருக்கிறதல்லவா! வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கூடக் குடிக்காமல் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மதிலுக்கு வெளியே ஒரு வருடமும் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதே, ஆர் கூப்பிட்டாலும் போகாதே, பிறகு உன்னை ஒருவராலும் அசைக்க ஏலாது, இது அவர்களுடைய சட்டம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நீ சிரிக்கலாம். ஆனால் எங்கள் தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்தார்கள், இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி அந்தச் சட்டப்படிதான் கை மாறுகிறது, என் பெயரில் இருக்கிற வளவும் அப்படி வந்ததுதான். பழைய சட்டம் என்றால் செத்த சட்டம் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த கிழமை வகுப்பில் நான் எழும்பி, பட்டணத்துக்குள் வந்த நாளில் இருந்து கணக்கோ, அகதி முகாமில் பதிந்த நாளில் இருந்து கணக்கோ என்று கேட்டேன். ரீச்சருக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கினதும் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது, அது எழுநூறு வருடத்துக்கு முந்தின சங்கதி என்று மெதுவாகச் சொன்னார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. திரும்பி வரும்போது றெயின் ஸ்டேசன் வாங்கில் குந்தியிருந்து நன்றாக அழுதேன், அது வெட்கத்துக்கு அழுததில்லை, அப்படி ஒரு சட்டம் இன்றைக்கு இல்லையே என்ற கவலைக்கு அழுதது. கடிதமோ அதற்குள் போய்விட்டது. உன் முகாமுக்கு ரெலிபோன் எடுத்தால் வேறு ஆரோ தூக்கி வேறு பாஷையில் கதைத்தார்கள், நானும் விட்டுவிட்டேன்.

என் கடிதம் வந்த கிழமை உன் முகாமில் நடந்ததை நீ இப்போதுதான் எழுதியிருக்கிறாய், படு கள்ளன். கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று ஏஜென்சிக்காரன் வந்ததும், நீயும் பையைக் கட்டி வைத்திருந்ததும் எனக்குத் தெரியாதே. என் கடிதத்தை வாசித்து வயிறு நோகச் சிரித்ததாகவும், அறையில் இருந்த பெடியள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினதாகவும் எழுதியிருக்கிறாய், நன்றாயிருக்கிறது. பிறகு, சட்டம் பிழை எண்டு தெரியும் அம்மா, ஆனா போகாதை எண்டு நீங்கள் எழுதியிருக்கேக்கை நான் எப்பிடிப் போறது, அதாலை பையை அவிட்டிட்டன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அப்பா சத்தமாக வாசிக்கத் தொடங்கி முடிக்காமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். போன பிள்ளைகளைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு அவன் மாயமாகிவிட்டான் என்றும், பொலிஸ் பிடித்து அவர்களுடைய வழக்கெல்லாம் பழுதாகிவிட்டது என்றும் வாசித்தபோது நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சாமி படத்தடியில் போய் நின்றேன். உன் அறைத் தோழன் இரத்தினசிங்கம் இன்னும் மறியலில், கம்பிக்குள்தான் என்கிறாய். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், அவளுக்கு ஒரு சரித்திர வகுப்பு வாய்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்க விடுவார்கள் என்றால் நீ போய்ப் பார், வெறுங்கையோடு போகாதே.

ஆகவே என் நன்றியைக் கேள். உன் வழக்கைக் கேட்டு நம்பின அந்த அதிகாரிக்கு, நிரம்பிப் போன தையல் வகுப்புக்கு, என்னைப் பார்த்துச் சிரிக்காத ரீச்சருக்கு, எழுநூறு வருடத்துக்கு முன்னம் பிரபுவுக்குத் தெரியாமல் ஓடிப்போய் மதிலுக்குள் ஒளித்த பெயர் தெரியாத கமக்காரர்களுக்கு, அவர்களுக்கு மதில் கதவைத் திறந்துவிட்ட காவல்காரனுக்கு, எல்லோருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். வெள்ளிக்கிழமை பிளாக்ஹவுஸ் பேயில் நவரத்தினம் அண்ணை வீட்டில் நடக்கிற கூட்டுப் பிரார்த்தனைக்கு உன் பெயரில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு போனேன். அங்கே தேவாரம் படிக்கிற நேரத்தில் நான் அந்தக் கமக்காரரை நினைத்துத்தான் கும்பிட்டேன், சிவபெருமான் கோபிக்க மாட்டார். எங்கள் நாடு எங்கள் பிள்ளைகளைப் பார்த்து நீ என் ஆள் இல்லை என்று சொன்ன இடத்தில், ஆரோ ஒரு ஊர் உள்ளே வா என்றதே, அதை நான் கட்டை வேகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

இனி உன் கேள்வி. அப்பா நீ வர வேண்டும் என்றுதான் நிற்கிறார். விரி என்கிற இடத்தில் அவர் வேலை செய்கிற ஸ்டோர்ஸில் உனக்கும் ஓரிடம் கேட்டு வைத்திருக்கிறார், உஷா தன்னுடைய பெரிய அறையை உனக்கு விட்டுத்தருகிறாளாம், கட்டிலும் வாங்கியாயிற்று. பேக்கரி என்றதும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது, எங்கடை குடும்பத்திலை பாண் போறணையிலை நிண்ட ஆக்கள் ஆர் என்று கேட்கிறார். நான் சொன்னேன், அந்தப் பட்டணங்களிலை பாண் சுடுறவனும் சப்பாத்துத் தைக்கிறவனும் சங்கம் வைச்சு, நகரசபையிலை இடம் கேட்டுச் சண்டை பிடிச்சு, கன இடத்திலை ஏறியும் இருந்தவங்கள், வெளியாலை இருந்து வந்த பெடியனைத் தங்கடை வீட்டிலை வைச்சுச் சோறு போட்டுத் தொழில் பழக்கினவங்கள், நீங்கள் என்ன கதைக்கிறியள் என்று. அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் மட்டும் பெரிய ஆளில்லை மகன், எனக்கும் நீ வர வேண்டும். உன்னைக் கண்ணால் கண்டு எட்டு வருடம், உனக்குச் சோறு போட்டு நீ சாப்பிடுகிறதைப் பக்கத்தில் இருந்து பார்க்க என் கை துடிக்கிறது. ஆனால் நீ எழுதின இரண்டு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. காலையில் பாண் வேண்ட வருகிற சனம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொல்லுது அம்மா என்று ஒன்று. இன்னொருக்கா முதலிலை இருந்து தொடங்க எனக்குச் சக்தி இல்லை என்று மற்றது. போன வகுப்பில் ரீச்சர் சொன்னார், இங்கிலாந்துப் பக்கம் ஒரு பிரபு தன் ஆளை விடுவிக்க நினைத்தால் சபைக்குக் கூட்டிவந்து, திறந்திருக்கிற வழியையும் வாசலையும் காட்டிவிட வேண்டுமாம். கையைப் பிடித்துத் தள்ளவும் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது என்று நான் எனக்குள் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

என் ராசா, நீ அங்கேயே நில். தொழிலை நன்றாகப் பழகு. அந்தப் பேக்கரி அம்மாவுக்கும் ஐயாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு, என் பிள்ளைக்கு இடம் கொடுத்த கைகள் நோகாமல் இருக்கட்டும் என்று அவர்களுடைய பாஷையில் எப்படிச் சொல்வதோ அப்படிச் சொல்லு. விடியற்காலையில் போறணைச் சூட்டில் இருந்து நேரே குளிருக்குள் போகாதே, சளி பிடிக்கும், கழுத்தைச் சுற்றிக்கொண்டு போ. அப்பாவை நான் சமாளிப்பேன், கட்டிலில் உஷா படுப்பாள். முருகன் உன் பக்கத்துணையாக இருந்து, தொட்டதெல்லாம் துலங்கி, நூறு வயது வாழ வைக்கட்டும். வா என்று நான் ஒரு சொல் எழுதினால் நீ அடுத்த பிளேனில் வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

உன் அம்மா,
சரோஜாதேவி