கவுண்டர் முன்னால் அம்மா

ஜூன் 17, செவ்வாய். ஹட்டன்
விடிந்ததிலிருந்து மழை. குடை ஊரில். நனைந்துகொண்டே பயிற்சிக்கு. பேங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. வேலைத்திறன் என்று பெயர், பாதி விளையாட்டு. பேப்பரில் கோபுரம் கட்டினோம், சரிந்தது. யாரும் என்னோடு பேசவில்லை. நான் வாயைத் திறந்தால்தானே.

18, புதன்
இன்று நடிப்பு. கூடப் பயிலும் நதீஷா கவுண்டரில் அதிகாரி. நான் "சமாளிக்கக் கஷ்டமான வாடிக்கையாளர்". என்ன செய்வதென்றே தெரியவில்லை. கால் தானாகச் செருப்பை வாசலில் விட்டது. சொப்பிங் பேக்கிலிருந்து ஐடென்டிட்டி கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நோனா, கோவிச்சிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே பாத்து எழுதிக்குங்க நோனா."

அம்மாதான். சிங்கள மேடம்களைக் கூப்பிடும் அந்த 'நோனா', குனிவு உட்பட அப்படியே அம்மா. ஹோல் முழுக்கச் சிரிப்பு. பயிற்சி தரும் யாழ்ப்பாணத்து சேர்: "அசல்! இன்னொருக்காச் செய்து காட்டும் பிள்ளை, வீடியோ எடுப்பம்."

செய்தேன். இரண்டாம் தடவை இன்னும் குனிந்தேன். சீ.

பரிசு ஒரு மக். சாப்பாட்டுக்கு எல்லோரும் என் மேசைக்கு வந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

19, வியாழன்
வீடியோ வாட்ஸ்அப் குரூப்பில். அழிக்கச் சொல்ல நினைத்தேன். ஏன் என்று கேட்பார்களே. சொல்லவில்லை. இருமல் வேறு.

21, சனி. டயகம
பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தேன். அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் மக்கைக் கையில் எடுத்தார்.

"எதுக்குப் புள்ள குடுத்தாங்க?"

"நல்லா பேசுனதுக்கும்மா."

லயத்து வீடுகள் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். "எங்க பாப்பா பேச்சுல மொதலாம்!" வீடியோவை மட்டும் பார்த்துவிடக் கூடாது, கடவுளே.

22, ஞாயிறு
வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது. நான் குளிக்கப் போன நேரம் தம்பி என் போனை நோண்டி வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டான். நான் வந்தபோது போன் அம்மா கையில். சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. நாலு அறை விட்டிருக்கலாம். போனைத் தந்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க எத்தனை தடவை வாயெடுத்தேன். பிளந்த விறகைத்தான் அடுக்கினேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா என் உடுப்பை மடித்துக்கொண்டே, முகம் பார்க்காமல்:

"அடுத்த மாசம் ஒன் பேங்குல கணக்குத் தொறக்கலாம்னு இருந்தேன். அங்க எப்பிடிப் பேசணும்னு எனக்கும் சொல்லிக் குடு புள்ள. ஒனக்கு வெக்கமா போயிரக் கூடாதுல்ல."