அந்தப் புல்லை மாடு திங்குமா?

கண்ணு,

இன்னைக்குக் காலையில உன் சாக்ஸை வாளித் தண்ணியில போட்டேன். அதுல குத்தியிருந்த புல்லுவிதை ஒண்ணு, ஈரம் பட்டதும் புழுவாட்ட மெதுவாத் திரும்புச்சு. சோப்பைக் கீழ வெச்சுட்டு அதையே பாத்துட்டு இருந்தேன். இந்தத் தடவை அந்த சாக்ஸைப் போட்டுட்டு மலைக்குப் போய் வந்தது நானு.

இதை நாம முதல்ல பாத்தது ஒரு திங்கக்கிழமை. முந்தின நாள் வால்பாறைக்கு அப்பால எங்கியோ மலை ஏறிட்டு வந்து, சேறோட சாக்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, சரவணம்பட்டி ஆபீசுக்கு பஸ் புடிக்க ஓடிட்டு இருந்தே. "ஏங்கண்ணு, லீவு நாள்ல கால் நோகறதுக்குன்னே போவீங்களா?"ன்னு நான் கேட்டுட்டு இருக்கறப்பத்தான் வாளியில விதை திரும்புச்சு. நீ தோள்ல மாட்டின பையோட வந்து பக்கத்துல குத்த வெச்சுட்டே. பஸ் போயிருச்சு.

எனக்குத் தெரியாத புல்லு அது. நம்ம அன்னூர்க் காட்டுல அருகு, கோரை, கொழுக்கட்டைப்புல்லு எதுவானாலும் விதையைத் தொட்டே சொல்லிருவேன். இது ஊசிப்புல்லுக்குச் சொந்தமாட்ட இருந்துச்சு, ஆனா வாலு செவப்பு.

"மாடு திங்குமா?"

"எப்பப் பாத்தாலும் மாட்டு நெனப்புத்தானுங்களா அம்மா? அங்க அருவி இருக்குது, மேகம் காலுக்குக் கீழ போகுது. அதைக் கேக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும். திங்குமா?"

"தெரியலீங்க. நீங்களே வந்து பாருங்க."

கறவை இருக்குது, எங்க வாரதுன்னேன். நீ கூப்பிட்டப்பெல்லாம் அதையேதான் சொன்னேன். நீயும் ஒவ்வொரு தடவையும் சாக்ஸ்ல விதையோட வந்தே. தொட்டியில போட்டுப் பாத்தேன், ஒண்ணுகூட முளைக்கலை. "அதுக்குக் குளிரும் மஞ்சும் வேணுமுங்க"ன்னே. அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள்ல போயிட்டே. நான் கேட்டது கேட்டபடியே நின்னுபோச்சு.

போன வாரம் உன்கூட வேலை செஞ்ச திவ்யாவும் மத்த புள்ளைகளும் அதே மலைக்குப் போறோம்னு சொன்னாங்க. நானும் வாரேன்னேன். பக்கத்து ஊட்டம்மாகிட்டப் பால் கறந்துக்கச் சொன்னேன். "அதுக்கென்னங்க, போயிட்டு வாங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சாமி. ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சிருக்கும். இத்தனை வருசமா நான் கேக்கலை.

உன் ஷூ எனக்குச் சரியா இருந்துச்சு. நமக்கு ஒரே அளவுக் கால்னே எனக்குத் தெரியாது.

ஏத்தம்னா ஏத்தம், மரத்து வேரெல்லாம் படியாட்ட. வேரைப் புடிச்சு ஏறினா கையில அட்டை. ரெண்டு எட்டுக்கு ஒருக்கா நின்னு மூச்சு வாங்கினேன். மொத சத்தந்தான் கேட்டுச்சு. யாரு இந்தக் காட்டுல தண்ணி மோட்டாரை நிறுத்தாமப் போனாங்கன்னு நெனச்சேன். திரும்பினா அருவி. மழை நின்னு இத்தனை நாளாச்சே, இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருதுன்னு கூட வந்த காட்டிலாகாக்காரரைக் கேட்டேன். "மேல இருக்கற புல்லுக்காடு புடிச்சு வெச்சு விடுதுங்கம்மா"ன்னார். புல்லா! அதுக்கப்புறம் கால் நோவே தெரியலை.

மரமெல்லாம் ஒரே எடத்துல நின்னுபோச்சு. அதுக்கு மேல பூராப் புல்லு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் அந்தச் செவந்த வாலு. காத்தடிச்சா மலையே ஒருபக்கமாச் சாயுது.

"இதை மாடு திங்குமுங்களா?"

"இங்க மாடு ஏதுங்கம்மா" அப்படின்னார். ஓரிடத்துல நுனி கடிபட்டிருந்துச்சு. "அது வரையாடுங்க."

"ஆடு கடிச்சா வெட்டு சுத்தமா இருக்குமுங்க. இது நாக்குல சுத்திப் புடுங்கினது."

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அப்ப காட்டுமாடா இருக்கும். அந்தா பாருங்க சாணி."

காஞ்ச சாணி. நான் உக்காந்து குச்சியில உடைச்சேன். "அய்யோ, கைங்கம்மா!"ன்னு திவ்யா கத்துது. உள்ள நாராக் கிடந்ததுல ஒரு விதை, பாதிச் செவந்த வாலோட. உள்ளங்கையில வெச்சு பாட்டில் தண்ணியைச் சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துச்சு. அப்புறம் திரும்புச்சு.

"திங்குது கண்ணு!"ன்னு கத்திட்டேன்.

திவ்யா வந்து என் பக்கத்துல குத்த வெச்சு, கைக்குள்ள எட்டிப் பாத்துச்சு.

புல்லைப் புடுங்கக் கூடாதுன்னு அவர் முன்னாடியே சொல்லிட்டார். நான் புடுங்கலை. ஆனா சாக்ஸ்ல தானா ஒட்டினதுக்கு நான் என்ன பண்ண? ஊட்டுக்கு வந்ததும் கட்டுத்தாரையில நம்ம செவலைப் பசுவுக்கு நாலு விதை நீட்டினேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இப்ப வேற ஒண்ணு மண்டைக்குள்ள ஓடுது. அந்தப் புல்லைத் தின்னு சுரக்கற பாலு காட்டுமாட்டுக் கன்னுக்கு எப்படி ருசிக்கும்? அடுத்த மாசம் புள்ளைக வேற மலைக்குப் போறாங்களாம். பால் கறக்கப் பக்கத்து ஊட்டுல இன்னைக்கே சொல்லிட்டேன்.

சாக்ஸைக் கொடியில போட்டிருக்கேன். மத்த விதையெல்லாம் எடுத்துட்டேன். கணுக்கால் மடிப்புல ஒண்ணு பழசு, நிறம் மங்கிக் கிடக்குது. அது நீ கடைசியாக் கொண்டாந்தது. அதை எடுக்கலை. நடக்கறப்பக் குத்தும், குத்தட்டும்.

அம்மா