மிட்டாய் பாட்டிலில் டீசல்

பாய்,

இன்று காலை படகுத்துறை ஜெட்டியில் உங்கள் மிட்டாய் பாட்டிலைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்திலிருந்து லேசாகச் சுக்கு வாசனை வந்தது. எவ்வளவு கழுவியும் அது போவதில்லை. போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் உங்கள் கடையின் முன்பலகையில் சுக்குமிட்டாய் நிறைந்து நின்ற பாட்டில் இது. டீசலை ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, "என்ன தங்கச்சி, பொண்ணு புடிச்சிருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்பீர்கள் என நினைத்துத் திரும்பினேன். உங்கள் தம்பி நின்றுகொண்டிருந்தார். போன கப்பலில் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். கீழக்கரையில் உங்களை அடக்கம் செய்த செய்தியையும் அவர்தான் கொண்டுவந்தார்.

அந்தப் பெண் பார்க்கும் கேலி நான் துறைமுக ஆபீஸில் வேலையில் சேர்ந்த புதிதிலேயே தொடங்கிவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் ஹட் பே ஊருக்குப் போன படகு ஒன்று நடுக்கடலில் இன்ஜின் நின்று, வேறொரு படகு வந்து இழுக்கும்வரை அலையில் கிடந்தது. டீசலில் தண்ணீர். அதுவரை இங்கே டீசலுக்கு என்று விதி எதுவும் நடைமுறையில் இல்லை. படகு டிரைவர் விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார், துணியில் வடிகட்டுவார், அவ்வளவுதான். இனி ஒவ்வொரு பேரலையும் சோதித்த பிறகே படகில் ஏற்ற வேண்டும் என்று ஆபீஸில் முடிவானது. மெயின்லேண்டின் தர அளவுகள் தாளில் வந்துவிட்டன, கருவிகள் வரவில்லை. வந்த கண்ணாடிச் சாமான்களும் கப்பலிலேயே உடைந்திருந்தன.

எங்கள் வங்காளி ஆபீசரும் நானும் உட்கார்ந்து, ஜெட்டியில் நின்றபடி எதைச் செய்ய முடியும் என்று யோசித்தோம். நீளக் குழாயைப் பேரலின் அடிவரை இறக்கி, மேல்வாயைக் கட்டைவிரலால் மூடி, அடி எண்ணெயை எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் தண்ணீர் தங்கக் கூடாது. பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் ஆபீஸ் அறையில் சூடாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

படகுகளுக்கு டீசல் விற்கும் நீங்கள் கொதித்துப்போனீர்கள். "பேப்பர் படிக்கவா டீசல் வாங்குறீங்க? மெட்ராஸ் அளவை மெட்ராஸ்லயே வெச்சுக்கங்க. இங்க நாலு பக்கமும் தண்ணி, மேலேயும் தண்ணி!" இன்ஜினுக்கு மெட்ராஸும் தெரியாது, போர்ட் பிளேரும் தெரியாது என்று பதில் சொல்ல நினைத்தேன். வாயில் வரவில்லை. திட்டிக்கொண்டே கடைக்குப் போனவர், மிட்டாயைக் கொட்டிவிட்டு இந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். "உடையாத கண்ணாடி. பொண்ணை நல்லாப் பாரு."

சோதனையில் முதலில் தள்ளுபடி ஆனது உங்கள் பேரல்கள்தான். பஜாரில் உங்களுக்குத் 'தண்ணி பாய்' என்று பெயர் விழுந்தது. கேலிக்காரரான நீங்கள் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "வாப்பா காலத்துலேர்ந்து யாவாரம் பண்றோம். நான் கலக்குறவனா, தங்கச்சி?" என்று ஒருநாள் கேட்டீர்கள். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் இருக்கிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று தெரியாது.

பிறகு அந்த லாங் ஐலண்ட் படகு.

மழைக்காலம். அரிசி மூட்டைகள், கோழிக்கூடைகள், கைக்குழந்தையோடு ஒரு பள்ளி வாத்தியார் குடும்பம் என்று படகு நிறைந்திருந்தது. உங்கள் பேரல்களில் சிலவற்றைத் தள்ளி ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ஏற்றுகிறவர்களின் தலைவரான ராஞ்சிக்காரர் அவற்றைக் காட்டி, "தீதி, யே பாஸ் கா?" என்று இந்தியில் கேட்டார். குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "நஹீ, பாஸ் நஹீ" என்றேன்.

எங்கள் வீட்டில் பாஸ் என்பதற்கு ஒரே அர்த்தம்தான். நான் பி.எஸ்ஸி. முடித்த தந்தி வந்தபோது, அதைப் படிக்கத் தெரியாத அப்பா, "எம்பொண்ணு பாஸு, எம்பொண்ணு பாஸு" என்று பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். ராஞ்சிக்காரரின் இந்தியிலோ பாஸ் என்றால் பக்கத்தில், கிட்டத்தில். பக்கத்தில், துறைமுகத்துக்குள் ஓடும் ஃபெர்ரிகளுக்கு உள்ளவை தனி, தூரம் போகும் படகுக்கு உள்ளவை தனி என்று பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக்கு இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். அவர் தூரத்துக்கு ஏற்றிவிட்டார்.

நான் பாட்டிலைக் கழுவிவிட்டு ஷெட்டிலிருந்து வெளியே வந்தபோது படகு கயிறு அவிழ்த்திருந்தது. தள்ளுபடி பேரல்கள் நின்ற இடம் காலி. "ருக்கோ" என்று நிறுத்தச் சொன்னேன். மழையிலும் இன்ஜின் சத்தத்திலும் அது என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. குடையோடு நின்ற நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு காலி இடத்தைப் பார்த்தீர்கள்.

"ஏறிப்போனது என் பேரலா?"

தலையை ஆட்டினேன்.

பேசாமல் இருந்திருக்கலாம் நீங்கள். சரக்கு போய்விட்டது, ஏற்றியது உங்கள் தவறும் இல்லை. குடையை எறிந்துவிட்டு ஜெட்டியின் விளிம்புக்கு ஓடினீர்கள். "ரோக்கோ! ரோக்கோ! மேரா டீசல் கராப் ஹை!" டிரைவர் தமிழர் என்று நினைவு வந்ததும், "டேய், என் டீசல் கெட்டதுடா! திருப்புடா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினீர்கள். படகு திரும்பியது.

ஜெட்டியே சிரித்தது. "தண்ணி பாய் அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாருய்யா" என்றான் ஒருவன்.

"ஆமாடா, என் டீசல்லதான் தண்ணி. சிரிச்சு முடிச்சாச்சுன்னா வந்து எறக்குங்க."

ராஞ்சிக்காரர் என்னைக் கைகாட்டி, "தீதி ஹீ தோ போலீ, பாஸ் நஹீ" என்று, நான்தான் அப்படிச் சொன்னதாக முறையிட்டபோதுதான் நடந்தது எல்லாருக்கும் புரிந்தது. நீங்கள் நனைந்த சட்டையோடு ஒரு பேரல் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "கத்திச் சொல்லு தங்கச்சி. மெதுவாச் சொன்னா உண்மைகூட லாங் ஐலண்டுக்குப் போயிரும்."

மறுநாள் நானாகவே உங்கள் கிடங்குக்கு வந்தேன். உங்கள் பேரல்களின் தண்ணீரில் உப்பு இல்லை. கடல்நீர் அல்ல, மழைநீர். ஆபீஸ் சோதனையில் மண்ணெண்ணெயும் இல்லை. கிடங்கின் வெளிமுற்றத்தில் பேரல்கள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும், விளிம்புக்குள், மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில் மூடி.

"அடிச்சு இறுக்குன மூடிம்மா. எப்படிப் போவும்?"

"பேரல் மூச்சு விடும், பாய்" என்றேன். வெயிலில் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடி இடுக்கு வழியாக வெளியே போகும். மழை பெய்து குளிரும்போது திரும்ப உறிஞ்சும். அப்போது மூடிமேல் நிற்கும் தண்ணீரும் உள்ளே போகும். உங்களிடம் நான் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான்.

"பேரல் மூச்சு விடுதாம்! விட்டா நாளைக்குக் கொட்டாவியும் விடும்" என்றீர்கள். ஆனால் அன்றே ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் படுக்க வைத்தீர்கள், மூடிகள் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி. அடுத்த சரக்கில் செய்தித்தாளின் சின்ன எழுத்துகூடத் தெரிந்தது. படுக்க வைப்பதையும் ஆபீசர் விதியில் சேர்த்தார். மற்ற வியாபாரிகள் முணுமுணுத்தபோது நீங்களே கடைகடையாகப் போய் விளக்கினீர்கள். 'தண்ணி பாய்' போய் 'மூச்சு பாய்' ஆனீர்கள். அந்தப் பெயருக்குச் சிரித்தீர்கள். ஜெட்டியில் பாஸ் என்ற சொல்லையே நிறுத்திவிட்டோம். நல்லதென்றால் அச்சா, கெட்டதென்றால் கராப்.

இன்று காலை உங்கள் தம்பி கொண்டுவந்தவற்றில் ஒரு பேரலில் எழுத்து மங்கியது. கப்பல் டெக்கில் நிமிர்த்தி வைத்திருந்தார்களாம். அவர் தயங்கித் தயங்கி, "அண்ணன் பேருல வந்த கடைசிச் சரக்கு, அக்கா. இது ஒண்ணை மட்டும்..." என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஹட் பே படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"கராப்!" என்றேன்.

ஜெட்டியின் அந்தக் கோடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் தம்பி திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் போனார். பிறகு அவரே பேரலைச் சாய்த்து ஓரமாக உருட்டினார். திரும்பி வந்து, சற்றுக் குறைப்பட்டபடியே சொன்னார்: "வாயே தொறக்காத புள்ளைன்னுல்ல அண்ணன் சொல்லிச்சு."

பாட்டிலைத் துடைத்துவிட்டு, அடுத்த பேரலில் குழாயை இறக்கினேன்.