நாலாவது பந்து

சென்னை
12.03.1994

அன்பின் புனிதத்துக்கு,

மாதா காவலில் நான் சுகம். மாமியின் இருமல் நின்றுவிட்டதா?

ஒரு கால்பந்துப் படத்தில் எனக்குக் கோலி வேடம். முல்லைத்தீவு மணலில் பதினைந்து வருசம் கோல் காத்தவன் ஆசையோடுதான் போனேன். அருவருப்பாக இருக்கிறது, புனிதம். உதைக்கிற கால் வேறொருவனுடையது, முகம் மட்டும் கதாநாயகனுடையது. வியர்வையைக்கூடப் போத்தலால் தெளிக்கிறார்கள். கடைசிக் கோலுக்கு நான் மறுபக்கம் பாயவேண்டுமாம். என் கண் உதைப்பவனின் இடுப்புக்குப் போகிறது, கை தானாகப் பந்துக்குப் போகிறது. மூன்று தரமும் பிடித்துவிட்டேன்.

"பந்து வந்தால் பிடிக்காமல் என்ன செய்யிறது, ஐயா?" என்றேன்.

"ஆட்டத்தை எவன்யா பாக்கப்போறான்? ஹீரோ மூஞ்சியத்தான் பாப்பான்! இன்னொரு வாட்டி புடிச்சே, ஊருக்கே போயிடு!" என்று டைரக்டர் கத்தினார்.

நாலாம் தரம் விட்டுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துவந்தேன்.

நம் விளையாட்டுக் கழகத்தோடு நான் நிற்கிற படத்தைப் பங்குச் சுவாமியிடம் கொடுத்து எனக்கு அனுப்பிவிடு. அறைச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. கடிதம் கொண்டுவருபவர் வெளிக்கிட்டுவிட்டார், முடிக்கிறேன்.

சண்டை நின்று ஊருக்கு வரப் பாதை திறந்திருந்தால், அந்த நாலாவது பந்தையும் பிடித்திருப்பேன்.

உன்
மரியநேசன்