கால் மச்சம்

மார்ச் 4
கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன் அடித்தால் உன் வீட்டுக்காரி எடுத்து, "அவர் தூங்குறார்" என்கிறாள். எந்நேரமும் தூக்கமா? அதனால்தான் கடிதம்.

எனக்குத் தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. எடுத்துப் பார்த்ததில் புற்றுநோயாம். ஐந்து வருஷம் முன்னால் குதிகாலில் மச்சம் எடுத்தேனே, அதிலிருந்து கிளம்பியதாம். என்னை விடு. டாக்டர் அடுத்துக் கேட்டதைக் கேள்: "கிட்னி வாங்கினவருக்குச் சொல்லிட்டீங்களா?" இரண்டு வருஷம் முன்னால் உனக்குக் கொடுத்த கிட்னியோடு அதுவும் வந்திருக்கலாமாம்.

கிட்னி கொடுக்கும் முன்னால் நர்ஸ், "கட்டி ஏதாவது எடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். மச்சம் கட்டியா என்ன, இல்லை என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. இந்த வாரமே ஸ்கேன் எடு.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதத்தை இவள்தான் முதலில் படித்தாள். "கொடுத்ததைச் சொல்லிக்காட்ட உங்க அக்காவுக்குப் புதுசா ஒரு வழி கிடைச்சிருக்கு" என்கிறாள். வெந்நீர் வைத்த நேரத்தைக்கூட நோட்டில் எழுதுகிறவள் நீ. இது மட்டும் மறந்துபோச்சா? நான் நன்றாக இருக்கிறேன். ஸ்கேனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

தம்பி

மார்ச் 15
கடவுள் துணை

தம்பிக்கு,

இதை நீ மட்டும் படி. அதற்காகத்தான் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

மறக்கவில்லை. நர்ஸ் கேட்ட அன்று நோட்டில் எழுதியதை ஒரு தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன்: "மச்சத்தைச் சொல்லட்டுமா என்று வராந்தாவில் தம்பியிடம் கேட்டேன். 'அய்யோ அக்கா, மச்சத்தையெல்லாம் போய் சொல்லிக்கிட்டு! மறுபடி டெஸ்ட், டெஸ்ட்டுன்னு இழுப்பாங்க. நான் தாங்க மாட்டேன்' என்றான்."

போன கடிதத்தில் பழியை நான் போட்டுக்கொண்டது, உன் வீட்டுக்காரி படிப்பாள் என்று தெரிந்துதான். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடேயே போய் ஸ்கேன் எடு.

உன் அக்கா

மே 20

அக்காவுக்கு,

ஸ்கேன் எடுத்தேன். கிட்னியில் இருந்தது. உங்கள் கிட்னியை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். வாரம் மூன்று நாள் மறுபடியும் அதே டயாலிசிஸ் நாற்காலி.

நீங்கள் அனுப்பிய தாளை எரித்துவிட்டேன். நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். இனி எழுத வேண்டாம்.

மே 26

தம்பிக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. இந்த மரியாதை எனக்குப் போதும்.

நீ எரித்தது நான் பார்த்து எழுதிய நகல். நோட்டிலிருந்து ஒரு தாளையும் நான் கிழித்ததில்லை. பயப்படாதே, யாருக்கும் காட்ட மாட்டேன். அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதே.

சாமி கும்பிடும்போது முதலில் உன் பேரைத்தான் சொல்வேன். இன்று காலை நின்று பார்த்தேன். வாயில் வரவில்லை.

அக்கா