எந்தக் கால், அம்மா?

மயிலாப்பூர்,
வெள்ளி காலை

அன்புள்ள அம்மாவுக்கு அனு எழுதுவது. நான் சுகம், விடுதிச் சாப்பாடும் பழகிவிட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று என்னை மெடிக்கல் கோடிங் படிக்க அனுப்பினாயே, அதை நினைக்காத நாளில்லை.

புதன்கிழமை வகுப்பில் ஒரு கூத்து. டாக்டரின் குறிப்பைப் படித்து, அந்த நோய்க்கான கோடு எண்ணை இன்சூரன்ஸுக்குப் போட வேண்டும். எனக்கு வந்தது முழங்கால் வலி. வலது காலுக்கு ஒரு கோடு, இடதுக்கு வேறு. நான் யோசிக்காமல் வலது என்று போட்டேன். பாடம் நடத்தும் ஜோதிலட்சுமி மேடம் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, டாக்டர் எந்தக் காலுன்னே எழுதல. நீ எங்கேர்ந்து கண்டுபுடிச்ச? எழுதாதத நீயா போடக்கூடாது, அவரக் கேட்டுதான் போடணும்."

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். கடைப்படி ஏறும்போது நீ பிடித்துக்கொள்வது வலது முழங்காலைத்தான்.

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லட்டி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிய சீட்டை அனுப்பு. கூடவே பருப்புப்பொடியும், போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

நந்தனம் பஸ் வந்துவிடும், ஓடுகிறேன். சீட்டு வரும்வரை நீ நலம் என்று நானாகப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

உன்
அனு